ஆறாயிரத்து ஐந்நூறு குரோனர் பிடி

அத்தியாயம் 4

மேசையில் மூன்று காகித மான்கள் படுத்திருந்தன. மூன்றின் உடம்பிலும் ஒரு கீறல்கூட இல்லை. வழக்கே அதுதான்.

கிருஷ்ணசாமி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூன்றையும் வரிசையாகப் பார்த்தார். ஒவ்வொரு தாளிலும் பக்கவாட்டில் நிற்கும் ஒரு பனிமான், அதன் நெஞ்சில் ஒரு வட்டம். நூறு மீட்டர் தள்ளிப் படுத்துக்கொண்டு ஐந்து குண்டுகளையும் அந்த வட்டத்துக்குள் போட வேண்டும். போட்டால் பரீட்சையில் தேர்ச்சி. அந்த வருடம் வேட்டைக்குப் போகலாம். இந்தத் தாள்களில் குண்டுகள் வட்டத்துக்குள்ளும் இல்லை, மானுக்குள்ளும் இல்லை. மானின் முதுகுக்கு மேலே, வெறும் வெள்ளைத் தாளில், ஓர் ஐந்து குரோனர் நாணயத்தை வைத்து மூடிவிடக்கூடிய இடத்தில் ஐந்து ஓட்டைகள். மூன்று தாளிலும் ஒரே இடம்.

“மேடம், இந்த மானுங்களுக்குக் கண்ணை மூடிக்கிட்டு லைஃப் பாலிசி குடுக்கலாம்,” என்றார் கிருஷ்ணசாமி.

தக்ஷாயினி சிரிக்கவில்லை. ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பதினொரு வருடம் பொய் சொல்கிறவர்களைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, இப்போது ஹவுகெட்டோ ஸ்டேஷனுக்கு எதிரே ஒற்றை அறையில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள். காப்புறுதிப் பகிடி எதற்கும் அவள் சிரிப்பதில்லை. கிருஷ்ணசாமி அவளுடைய உதவியாளர். திருச்சியில் வங்கி வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டு, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்ய வந்த மனைவி ராஜலட்சுமியின் பின்னால் ஒஸ்லோவுக்கு வந்தவர். நார்வேஜிய மொழி வகுப்பில் முதல் படியையே மூன்று தரம் ஏறியவர். போன வருடம் ஏதோ படிவம் அச்சடிக்க இந்த அலுவலகத்துக்குள் நுழைந்தார். இன்னும் வெளியே போகவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த வாடிக்கையாளரின் பெயர் பிரதீப். சென்னைப் பையன், மென்பொருள் வேலை, பொழுதுபோக்குக்குக் குறிபார்த்துச் சுடும் சங்கத்தில் உறுப்பினர். துப்பாக்கியின் தலையில் ஸ்கோப்பு என்கிற தொலைநோக்கி உட்கார்ந்திருக்கும் அல்லவா, அதை ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொள்ளும் ஓர் உலோகத் துண்டுக்கு மவுண்ட், அதாவது பிடி, என்று பெயர். சாதாரணப் பிடி அறுநூறு குரோனருக்கே கிடைக்கும். பிரதீப்பிடம் இருந்தது உயர்ரகம், புதிதென்றால் எட்டாயிரம். ஜூன் மாதம் அதை ஆறாயிரத்து ஐந்நூறுக்கு விற்றிருந்தார். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு துண்டுக்கு இவ்வளவு விலையா என்று கிருஷ்ணசாமி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். பிரதீப் உடனே மடிக்கணினியைத் திறந்தார். இருபத்திரண்டு ஸ்லைடுகள் இருந்தன.

“கழட்டி மறுபடி மாட்டினாலும் குண்டு அதே இடத்துக்குப் போகும் சார். அதுக்குத்தான் அந்த விலை.”

“எங்க வீட்டு மிக்ஸி ஜாரும் அப்படித்தான் தம்பி. எத்தனை தடவை கழட்டி மாட்டினாலும் அதே இடத்துலதான் உக்காருது. அதுக்கு யாரும் எட்டாயிரம் கேக்கலை.”

பிரதீப்புக்குச் சிரிக்கிற நிலைமை இல்லை. பிடியை வாங்கியவர் தர்மலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், இருபத்தேழு வருடமாக ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறார், அதே சங்கத்தின் உறுப்பினர். அந்தப் பிடியைப் பூட்டிய நாளிலிருந்து மூன்று தரம் பரீட்சைக்குச் சுட்டு மூன்று தரமும் கோட்டை விட்டிருக்கிறார். போன வாரம் கோயில் வாட்ஸப் குழுவில், இந்தியாக்காரப் பெடியன் போலிச் சாமானைத் தலையில் கட்டிவிட்டான் என்று குரல்செய்தி போட்டார். முந்நூறு பேர் கேட்டாயிற்று. சங்கத்துக்கும் முறைப்பாடு போய்விட்டது. இன்று நாலு மணிக்கு, சுடுதளத்தில் வைத்தே கமிட்டி கூடுகிறது. போலி விற்றவன் என்று முடிவானால் பிரதீப் சங்கத்துக்கு வெளியே. சங்கம் இல்லாவிட்டால் துப்பாக்கி அனுமதியும் இல்லை.

“அது போனாப் போகுது மேடம். வெள்ளிக்கிழமை கோயில்ல பொங்கல் குடுக்கிறவர் எனக்கு மட்டும் அரைக் கரண்டி வெச்சாரு. நான் வாழ்க்கையில யாரையும் ஏமாத்தினதில்லை.” பிரதீப் மடிக்கணினியை மூடினார்.

கிருஷ்ணசாமிக்கும் நெஞ்சில் சுருக்கென்றது. அரைக் கரண்டி தனக்கும்தான் விழுந்தது. அன்றைக்குப் பொங்கல் தீர்ந்துபோயிற்று என்று அவர் நினைத்திருந்தார்.

தாள்களைச் சங்கத் தலைவரே பிரதீப்பிடம் கொடுத்திருந்தார். எதிராளி கொண்டுவந்த ஆதாரத்தை, நீயும் பார்த்துக்கொள் என்று உன் கையிலேயே தருவது அந்த ஊர் நியாயம். தலைவரின் பெயர் ஒட்வார். வேட்டைக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். போதாக்குறைக்கு, தர்மலிங்கத்தின் மகள் மிதுனா கட்டப்போகிற லூக்காஸுக்கு அப்பா. ஏப்ரலில் அவரே வீடு தேடி வந்து, இந்த வருடம் எங்களோடு எல்க் வேட்டைக்கு வரவேண்டும் என்று சம்மந்தியை அழைத்திருந்தார். எல்க் என்பது குதிரையைவிட உயரமான மான். நார்வேக்காரர் ஒருவர் தன் வேட்டைக் குழுவில் இடம் கொடுப்பது லேசுப்பட்ட மரியாதை இல்லை என்று பிரதீப் சொன்னார்.

தக்ஷாயினி தாள்களைச் சுருட்டிக் கிருஷ்ணசாமியின் கையில் கொடுத்தாள். “நடவுங்கோ அண்ணை. அவரின்ரை வீடு பத்து நிமிசம்.”

*

வழக்கில் எதிர்த்தரப்பு ஆட்கள் என்று தெரிந்தும் தர்மலிங்கம் வாசலுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார். பெட்டி போட்டுத் தேய்த்த சட்டை, அளவாக வெட்டிய மீசை. எதிர்க்கட்சி என்றாலும் தேத்தண்ணி குடிக்கலாம்தானே என்றார். தேநீரோடு மீன் ரோல்ஸும் வந்தது. மூன்றாவது ரோலைக் கடிக்கும்போது, இந்த மனிதருக்கு எதிராக வேலை செய்கிறோமே என்று கிருஷ்ணசாமிக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. நாலாவதை எடுக்கையில் அது கொஞ்சம் குறைந்தது.

துப்பாக்கி சட்டப்படி இரும்பு அலுமாரிக்குள் இருந்தது. தர்மலிங்கம் பக்கத்திலிருந்த சின்ன நெம்புகோலை மடக்க, ஸ்கோப்பு பிடியோடு சேர்ந்து கழன்று வந்தது. அதை ஒரு துணியில் வைத்து நீட்டினார். கிருஷ்ணசாமி பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். பூதக்கண்ணாடி சொந்தமாக வாங்கியது. வழக்குகளில் இதுவரை பஸ் நேர அட்டவணை படிக்கத்தான் பயன்பட்டிருக்கிறது.

இந்த முறை அதில் ஒன்று தெரிந்தது. நெம்புகோலின் இடுக்கில் மஞ்சளாக, கடுகு அளவில் ஒரு துணுக்கு. நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.

“சந்தனம்,” என்றார். அந்த ஒரு சொல்லை அவர் மேடைப் பேச்சாளர் மாதிரி நிறுத்திச் சொன்னார்.

மீதியை அவர் விளக்கிய விதம் அவருக்கே பிடித்திருந்தது. புதுப் பொருள் வீட்டுக்கு வருகிறது. துப்பாக்கியைச் சாமி அறைக்குக் கொண்டுபோக முடியாது, சட்டம் விடாது. ஆனால் கழற்றக்கூடிய பிடியைக் கொண்டுபோகலாம். வீட்டு அம்மா சந்தனப் பொட்டு வைக்கிறார். பொட்டு காய்ந்து பிடியின் பின்காலுக்கு அடியில் ஒட்டிக்கொள்கிறது. பின்னால் நூலளவு உயர்ந்தால் போதும், நூறு மீட்டரில் குண்டு முழம் கணக்கில் மேலே போய்விடும். இது பிரதீப்பின் பதினேழாவது ஸ்லைடு. ஆகவே பிடியில் குற்றம் இல்லை, விற்றவன் மேலும் இல்லை. எல்லாம் பக்தியின் விளைவு.

“ஓம், ஓம். அப்பிடித்தான் இருக்க வேணும்,” என்று தர்மலிங்கம் எழும்பியே விட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “தம்பியிலை பிழை இல்லை, சந்தனத்திலைதான் பிழை எண்டு நானே கமிட்டிக்குச் சொல்லிவிடுறன். இந்த வருசம் வேட்டையை விடுவம். வாற வருசம் பாப்பம்.”

கிருஷ்ணசாமி கட்டணச் சீட்டையே மனதுக்குள் எழுத ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் சமையலறைக் கதவில் தர்மலிங்கத்தின் மனைவி மங்களேஸ்வரி வந்து நின்றார், கையில் கரண்டியோடு.

“அம்மாளாச்சியிலை பழியைப் போடாதேங்கோ,” என்றார். “முதல் ரெண்டு தரமும் நான் சந்தனமே வைக்கேல்லை. ரெண்டு தரமும் பிழைச்ச பிறகு, ஆரின்ரையோ கண்ணூறு எண்டு நினைச்சு மூண்டாந்தரத்துக்கு முதல்நாள்தான் வைச்சனான். அதுவும் பக்கத்திலை, குண்டுமணியளவு.”

கிருஷ்ணசாமி பூதக்கண்ணாடியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, அசடு வழிய ஐந்தாவது ரோலை எடுத்தார். சந்தனம் வைப்பதற்கு முன்பு மேலே போன குண்டு, வைத்த பிறகும் அதே இடத்துக்குத்தான் போயிருக்கிறது. தர்மலிங்கத்தின் முகத்து வெளிச்சமும் அணைந்தது. அப்படியானால் சாமான்தான் போலி, வேறு என்ன, என்று யாரையும் பார்க்காமல் முணுமுணுத்தார்.

தக்ஷாயினி தேநீர்க் கோப்பையின் விளிம்புக்கு மேலாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைக் கிருஷ்ணசாமிக்குத் தெரியும். காப்புறுதிக் காலத்துப் பார்வை.

*

சுடுதளம் லில்லெஸ்ட்ரோமுக்கு அப்பால், காட்டோரத்தில். ரயிலில் போய் மாறி, பிறகு ஒரு மணி நேரத்துக்கு ஒரு பஸ் பிடித்துப் போவதற்குள் கமிட்டி கலைந்துவிடும் என்று சொல்லி, தர்மலிங்கம் தன் காரிலேயே அவர்களை ஏற்றிக்கொண்டார். பிரதீப் சொந்தக் காரில் வந்துகொண்டிருந்தார். தனக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகிறவர்களுக்கு சீட் பெல்ட் சரியாகப் போட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் அவர் வண்டியை எடுத்தார்.

அவர் ஓட்டுகிற அழகை ரசிக்கலாம். ஸ்டியரிங்கில் கை இருப்பதே தெரியாது. எண்பது போகலாம் என்ற இடத்தில் எண்பது, ஒன்று கூடாது, ஒன்று குறையாது. ஆனால் லில்லெஸ்ட்ரோம் தாண்டிக் காட்டுப் பாதை தொடங்கியதும், எல்க் படம் போட்ட சிவப்பு முக்கோண எச்சரிக்கைப் பலகை வந்தது. தர்மலிங்கம் முப்பதுக்கு இறங்கினார். பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. பிறகு மூன்று வண்டிகள் அடித்தன. அவர் காதில் அது எதுவும் விழவில்லை. கழுத்தை நீட்டி இரண்டு பக்கத்து மரங்களையும் பார்த்துக்கொண்டு, அந்தப் பாதை முடியும்வரை முப்பதிலேயே போனார்.

“இந்த வேகத்துல போனா, மான் நம்மளை முந்திக்கிட்டுப் போயிடும்,” என்றார் கிருஷ்ணசாமி.

தர்மலிங்கம் மரங்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தக்ஷாயினி திரும்பி, கொஞ்ச நேரம் பேசாமல் வாங்கோ அண்ணை என்று மெதுவாகச் சொன்னாள்.

ஒட்வார் ஆறரை அடி மனிதர். தாடி, பச்சை ஜாக்கெட், கையில் காப்பிக் குடுவை. கமிட்டியின் மற்ற இரண்டு பேர் மரக்குடிசைக்குள் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பிரதீப் வாசலில் தனியாக நின்றார். பிடி வாங்கியபோது கடையில் கொடுத்த பெட்டியை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். எல்லாப் பொருளின் பெட்டியையும் பத்திரப்படுத்துவது நம் ஊர் வழக்கம். பெட்டியில் இருந்த எண்ணும் பிடியில் இருந்த எண்ணும் ஒத்துப்போயின. எண்ணையும்தான் போலியாக வெட்டலாம் என்று கமிட்டியில் ஒருவர் சொல்லிவிட்டார்.

தக்ஷாயினி ஒட்வாரைத் தனியே அழைத்து நார்வேஜிய மொழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: குண்டு ஒரே இடத்தில் கூட்டமாக விழுந்து, இடம் மட்டும் தவறினால், நீங்களெல்லாம் என்ன செய்வீர்கள்?

இதென்ன கேள்வி என்பது போல ஒட்வார் பார்த்தார். ஸ்கோப்பின் மேலே ஒரு குமிழ் இருக்கிறது. அதைத் திருகினால் குறி கீழே இறங்கும், ஒரு கிளிக்குக்கு ஒரு சென்டிமீட்டர். அதையும் செய்து பார்த்துவிட்டாராம். இரண்டாம் தரம் தோற்ற பிறகு, தன் கையாலேயே முப்பது கிளிக் கீழே இறக்கிக் கொடுத்தாராம். மூன்றாம் தரமும் குண்டு பழைய இடத்திலேயே போய் நின்றது. அதனால்தான் பிடியில் ஏதோ கோளாறு என்று அவரும் நம்ப ஆரம்பித்தார். தர்மலிங்கத்துக்காக எத்தனை தரம் வேண்டுமானாலும் பரீட்சை வைக்கத் தயார் என்றார். நாளைக்கு வேண்டுமானால் தன் சொந்தத் துப்பாக்கியையே கொடுப்பாராம்.

கிருஷ்ணசாமி இதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார். அவருக்குப் புரிந்த நார்வேஜியத்தில் முப்பது என்ற எண் மட்டும் பளிச்சென்று இருந்தது. தக்ஷாயினியோ கையுறையைக் கழற்றினாள். வழக்கு முடிந்தால்தான் அவள் கையுறையைக் கழற்றுவாள்.

“முடிஞ்சுதா மேடம்?”

“ஓம். ஆனா நான் சொன்னா அவர் மறுப்பார். அவரே சொல்லவேணும்.” அவள் ஒட்வாரிடம் திரும்பி, மான் படம் வேண்டாம், வெறும் வட்டம் மட்டும் போட்ட தாள் ஒன்றை நூறு மீட்டரில் மாட்டச் சொன்னாள்.

பிறகு தர்மலிங்கத்திடம் போனாள். கிருஷ்ணசாமி அவள் குரலைக் கேட்டு அதிசயித்தார், சர்க்கரைப்பாகு தோற்றுவிடும். பிடி நல்லதா கெட்டதா என்று கமிட்டிக்கு முன்னால் பார்க்கத்தான் இந்தத் தாள் என்றாள். இது பரீட்சை இல்லை, வேட்டைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, சும்மா வட்டம்தான் என்றாள். கடைசியில் ஒன்று சேர்த்தாள்.

“பிரதீப் தம்பி இதே பிடியிலை அஞ்சையும் ஒன்பதாம் வளையத்துக்குள்ளை போட்டவராம். உங்களாலை இப்ப அது ஏலுமோ தெரியேல்லை. வயசும் போட்டுது.”

தர்மலிங்கத்தின் மீசை துடித்தது. ஐம்பத்திரண்டு வயதில், இரத்த அழுத்தத்துக்கு ஏதாவது பொழுதுபோக்கு வேண்டும் என்று டாக்டர் சொல்லி இந்தச் சங்கத்தில் சேர்ந்தவர் அவர். வட்டத்தாளில் மூன்று வருடம் சங்கக் கிண்ணம் அவருக்குத்தான். பிரதீப்பை மேலும் கீழும் ஒரு தரம் பார்த்தார். பிறகு பாயில் படுத்தார்.

எல்லாரும் காதுமூடிகளை மாட்டிக்கொண்டார்கள். மின்னணுக் காதுமூடி ஒரு விசித்திரமான சாதனம். வெடிச் சத்தத்தை அடைத்துவிடும், சின்னச் சத்தத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுக்கும். கிருஷ்ணசாமிக்குத் தன் வயிற்றுக்குள் ரோல்ஸ் பேசுவதுகூடக் கேட்டது. அதற்குப் பிறகு இன்னொன்று கேட்டது.

கிளிக். கிளிக். கிளிக்.

தர்மலிங்கத்தின் விரல்கள் ஸ்கோப்பின் குமிழில் இருந்தன. யாரும் அவரைத் திருகச் சொல்லவில்லை. வங்கிக்காரருக்கு எண்ணாமல் இருக்க வராது, கிருஷ்ணசாமி எண்ணினார். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. முப்பதில் நின்றது. ஏறெடுத்துப் பார்த்தால், அந்தப் பக்கம் ஒட்வாரின் உதடுகளும் அசைந்து நின்றிருந்தன. அவரும் எண்ணியிருக்கிறார்.

ஐந்து வெடி. நிதானமாக, ஒன்றுக்கொன்று மூச்சுவிட்டு.

தாள் வந்தது. நட்டநடு வட்டத்தில் ஐந்து ஓட்டைகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒரே பொத்தலாகியிருந்தன. தர்மலிங்கம் எழும்பி, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, பிரதீப்பை வெற்றியோடு பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புப் பாதியில் நின்றுபோனது. மாட்டிக்கொண்டது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

தக்ஷாயினி நான்கு தாள்களையும் மேசையில் விரித்தாள். கமிட்டிக்கு நார்வேஜியத்தில் அவள் சுருக்கமாகத்தான் சொன்னாள். கெட்ட பிடி என்றால் குண்டு சிதறும். இங்கே சிதறவே இல்லை. குறி தப்பியிருந்தால் குமிழைத் திருகியதும் குண்டு இறங்கியிருக்கும்; அதுவும் இறங்கவில்லை. முப்பது சென்டிமீட்டர் இறக்கிக் கொடுத்த பிறகும் பழைய இடத்தைத் தேடிப் போவதற்கு இரும்புக்கு ஞாபகம் கிடையாது. சுடுகிறவர் அவ்வளவுக்கு ஏற்றிக் குறிவைத்தால்தான் அது முடியும். சரியாக இருந்த குறியை ஒட்வார் முப்பது கிளிக் இறக்கியது தெரிந்ததால், வட்டம் என்று வந்ததும் தர்மலிங்கம் அதே முப்பதைத் திருப்பி வைத்துவிட்டார். பிடி அசல். கண்ணும் கையும் அசல். மான் படம் போட்ட தாளில் மட்டும் இவருக்குக் குறி முதுகுக்கு மேலே போகிறது.

கிருஷ்ணசாமியின் நாக்கு நுனிவரை ஒரு பகிடி வந்தது. தர்மலிங்கத்தின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டார்.

“ஏன் அண்ணை?” என்று தக்ஷாயினி தமிழில் கேட்டாள்.

தர்மலிங்கம் சம்மந்தியைப் பார்த்துத்தான் சொன்னார், நார்வேஜியத்திலேயே. ஏழு வருடத்துக்கு முன்னால் ஜனவரி காலை, வெறும் பஸ்ஸை லில்லெஸ்ட்ரோமுக்கு ஓட்டிக்கொண்டு போகிறார். காட்டுக்குள்ளிருந்து ஓர் எல்க் பாய்ந்தது. பிரேக் பிடித்தும் பயன் இல்லை. முன்கால் இரண்டும் முறிந்து றோட்டோரம் விழுந்துவிட்டது. நகரசபைக்காரர்கள் வந்து அதன் கதையை முடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிடமும் இவர் பனியில் அதன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். தன் சீருடை ஜாக்கெட்டைக் கழற்றி அதன்மேல் போர்த்தினார். அது இவரையே பார்த்துக்கொண்டு கிடந்தது, ஒரு சத்தம் போடவில்லை.

சொல்லிவிட்டு அவர் கண்ணைத் துடைத்தார். மறைக்க முயலவில்லை. “காகிதத்திலை கீறின மான்தான். எனக்குத் தெரியும். எண்டாலும் குறிவைச்சா அந்தக் கண்தான் தெரியுது,” என்று தக்ஷாயினியிடம் தமிழில் சொன்னார்.

ஒட்வார் கேட்டது ஒன்றுதான்: இதை ஏப்ரலிலேயே சொல்லியிருக்கலாமே.

அதற்குத் தர்மலிங்கம் சொன்ன பதிலைக் கிருஷ்ணசாமி யாரும் மொழிபெயர்க்காமலே புரிந்துகொண்டார். பெண் கொடுக்கிற இடம். சம்மந்தி வீட்டுக்கு வந்து, வாசலில் நின்று ஒன்றைக் கேட்கிறார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பரீட்சையில் தோற்றுவிட்டால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை என்று கணக்குப் போட்டார். ஆனால் இந்த ஊரில் தோற்க விடுகிறார்களா? அடுத்த முறை, அடுத்த முறை என்று காப்பியும் கொடுத்துத் தட்டிக்கொடுக்கிறார்கள். கிண்ணம் வாங்கிய ஆள் ஏன் தவறுகிறார் என்று சங்கத்தில் கேட்கத் தொடங்கினார்கள். எதையாவது சொல்லவேண்டியிருந்தது. பிடி சரியில்லை என்று வாய் தவறி வந்தது. ஒரு தரம் வந்ததைத் திரும்ப எடுக்கத் தெரியவில்லை.

ஒட்வார் தாடியைச் சொறிந்தார். நீங்கள் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் நான் சரி என்று சொல்லியிருப்பேன், அவ்வளவுதான், என்றார். பிறகு யோசித்து, நாயைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் நடக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்குத் துப்பாக்கியும் இல்லை, பரீட்சையும் இல்லை, ஆனால் அதற்கும் மாட்டேன் என்று சொல்லலாம் என்றார். தர்மலிங்கம் வாயைத் திறந்தார், மூடினார். ஐம்பத்தெட்டு வயதில் அந்தச் சொல்லை ஒரு சம்மந்தியிடம் முதல் தரம் சொன்னார். ஒட்வார் சரி என்றார், அவருக்குக் காப்பி ஊற்றினார்.

கமிட்டி முறைப்பாட்டைத் தள்ளுபடி செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பிரதீப் அந்தப் பெட்டியோடு அங்கேயே நின்றார். சங்கத்தில் பெயர் மீண்டுவிட்டது. கோயிலில் இன்னும் மீளவில்லை. அதைச் சொல்லிக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

தர்மலிங்கம் கேட்காமலே செய்தார். கைப்பேசியை எடுத்து, எல்லாருக்கும் முன்னால், அதே வாட்ஸப் குழுவைத் திறந்து பட்டனை அழுத்திப் பிடித்தார்.

“வணக்கம், தர்மலிங்கம் கதைக்கிறன். போன கிழமை பிரதீப் தம்பியைப் பற்றி நான் சொன்னது பொய். சாமான் அசல். குண்டு விலகினது என்ரை கையாலை. நான் வேணுமெண்டுதான் விலத்திச் சுட்டனான். தம்பியிட்டை எல்லாருக்கும் முன்னாலை மன்னிப்புக் கேக்கிறன்.”

விரலை எடுத்தார். செய்தி போய்விட்டது. பிரதீப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கிருஷ்ணசாமி பூதக்கண்ணாடியைத் துடைப்பது போலத் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் பிரதீப் பொறியாளர். இருபத்திரண்டு ஸ்லைடு போட்டவருக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தால் தூக்கம் வராது.

“ஒண்ணு மட்டும் புரியல அண்ணே. மானைச் சுடவே கூடாதுன்னு நினைச்சவர், எதுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு குடுத்து என் மவுண்டை வாங்கினீங்க? உங்ககிட்டதான் அறுநூறு குரோனர் மவுண்ட் இருந்துச்சே.”

தர்மலிங்கம் காப்பியை ஒரு வாய் குடித்தார்.

“அதிலை குண்டு சிதறும் தம்பி. மே மாசம் பயிற்சியிலை நான் முதுகுக்கு மேலைதான் பிடிச்சனான். ஒண்டு இறங்கிப்போய் மான்ரை கழுத்திலை பட்டிட்டுது. அண்டைக்கு எனக்கு நித்திரை இல்லை. விடிஞ்சதும் உங்களுக்குத்தான் போன் எடுத்தனான்.” மேசையில் கிடந்த மூன்று மான்களையும் அவர் கையால் நீவிவிட்டார். “உங்கடை பிடி பூட்டின பிறகு மான் தாளிலை பதினைஞ்சு வெடி வைச்சிருக்கிறன். ஒண்டும் படேல்லை. குடுத்த காசுக்குப் பெறுமதியான சாமான்.”